தொட்டிலும் தொழிற்கூடமும்

பணிக்குச் செல்லும் தாய், வேலையையும் குழந்தை வளர்ப்பையும் எவ்வாறு 'சமன்' செய்வது என்று அறிவுரை கூறும் கட்டுரைகளுக்கு முதலாளித்துவ ஏடுகளில் பஞ்சமில்லை. விடியுமுன் எழுக, நேரத்தைத் திட்டமிடுக, கணவரின் ஒத்துழைப்பை இன்சொல்லால் பெறுக என்பவையே அவற்றின் சாரம். சமூகம் ஏற்க வேண்டிய ஒரு பொறுப்பைத் தனியொரு பெண்ணின் சாமர்த்தியமாகச் சுருக்கிவிடும் இந்தப் பார்வையை நாம் ஏற்க இயலாது.

உண்மை நிலவரம் என்ன? அரசே நடத்திய 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். குழந்தைகளையும் முதியோரையும் பேணும் நேரம் இக்கணக்கில் சேராது, அது தனி. நாளைய தொழிலாளியை வளர்த்தெடுக்கும் இவ்வுழைப்பின் பயனை மூலதனம் பெறுகிறது. அதற்காக ஒரு காசும் அளிப்பதில்லை.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் குழந்தைக் காப்பகத்தை நிர்வாகத்தின் கடமையாக்கின. 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் கொண்ட நிறுவனங்களில் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. பெண்களை மட்டும் எண்ணாமல் அனைத்துப் பணியாளர்களையும் எண்ணியது ஒரு முன்னேற்றமே. ஆயினும், காப்பகத்திலுள்ள குழந்தையை நாளுக்கு நான்கு முறை சென்று காணும் உரிமையைத் தாய்க்கு மட்டுமே அது வழங்கிற்று. தந்தை அச்சட்டத்தின் கண்ணுக்குத் தென்படவேயில்லை. மேலும், ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ளோரின் விடுப்பு ஊதியம் முழுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதால், பெண்களை வேலைக்கு எடுக்காமலிருக்க நிர்வாகங்கள் இதையே சாக்காக்குகின்றன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 50 என்ற வரம்பைத் தாண்டிச் சிந்திக்கவில்லை.

இந்த வரம்புக்குள் வருவோர் எத்தனை பேர்? நம் நாட்டின் உழைக்கும் பெண்களில் மிகப் பெரும்பான்மையோர் வயலிலும், கட்டுமானத் தளத்திலும், பிறர் வீட்டு அடுக்களையிலும், தம் வீட்டுத் திண்ணையிலேயே பீடி சுற்றியும் பிழைப்பவர்கள். அவர்களுக்கு 26 வாரமும் இல்லை, காப்பகமும் இல்லை. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கருவுற்ற பெண்களுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் உரிமை என்றது. பிரதமர் பெயரிலான திட்டமோ 5,000 ரூபாயை முதல் குழந்தைக்கு மட்டும் என்று தொடங்கியது. பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணாயின் உண்டு என்றனர். சட்டம் தந்த உரிமையைத் திட்டம் பறித்தது.

இங்கே தோழர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடைவெளி ஒன்றுண்டு. மகப்பேறு விடுப்பு ஆறு மாதத்தில் முடிகிறது. அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி மூன்று வயதில் தொடங்குகிறது. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகள் குழந்தையை யார் பார்ப்பது? பாட்டி பார்க்கிறார், இல்லையேல் பத்து வயது அக்காள் பள்ளியை விட்டு நின்று பார்க்கிறாள், வசதியுள்ள வீட்டில், தன் குழந்தையை ஊரில் விட்டுவந்த வேறொரு பெண் பார்க்கிறார். எவரும் இல்லாதபோது தாய் வேலையை விடுகிறார். மூன்று வயதுக்குப் பின்னரும், பெரும்பாலான அங்கன்வாடிகள் பிற்பகலிலேயே மூடப்படுவதால், மாலை வரை நீளும் வேலைநாளுக்கு அவை ஈடாவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய தேசியக் காப்பகத் திட்டத்தில், 2017இல் ஒன்றிய அரசு தன் நிதிப் பங்கைக் குறைத்தது. அதையடுத்து ஆயிரக்கணக்கான காப்பகங்கள் மூடப்பட்டன. இப்போது 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகங்கள் பேசப்படுகின்றன. ஆனால் அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018இலிருந்து மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. ஒரு தாயின் சுமையை, தொழிலாளி என்ற தகுதியே மறுக்கப்பட்ட இன்னொரு தாயின் தலைக்கு மாற்றுவது தீர்வாகாது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் முழுநேரப் பொதுக் காப்பகம் சட்டப்படியான உரிமையாக வேண்டும். அங்கன்வாடி ஊழியர்கள் அரசு ஊழியர்களாக ஏற்கப்பட வேண்டும். மகப்பேறு நலன் முறைசாராத் தொழிலாளர்க்கும் எட்ட வேண்டும்; அதன் செலவைப் பொதுநிதி ஏற்க வேண்டும். தந்தைக்கும் ஊதியத்துடன் விடுப்பு வேண்டும். ஒன்றிய அரசு ஊழியருக்குரிய 15 நாட்கள்கூட, தனியார் துறையில் சட்டமாக இல்லை.

இக்கோரிக்கைகளை எழுப்பும் நாம் நம்மையும் உரைத்துப் பார்க்க வேண்டும். பொது உணவகத்தையும் காப்பகத்தையும் மழலையர் பள்ளியையும் புதிய சமுதாயத்தின் முளைகளாக 1919இலேயே லெனின் சுட்டிக்காட்டினார். நமது கிளைக் கூட்டங்களோ இரவு எட்டு மணிக்குக் கூடுகின்றன. மாணவர் அமைப்பில் முன்னணியில் நின்ற பெண் தோழர், முதல் குழந்தைக்குப் பின் கூட்டத்துக்கு வருவதில்லை. 'குடும்பச் சூழல்' என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறோம். அதே குழந்தையின் தந்தையும் கட்சி உறுப்பினராக இருந்து, ஒரு கூட்டத்தையும் தவறவிடாமல் வந்துகொண்டிருப்பதை நாம் குறிப்பெழுதுவதில்லை.

கூட்ட நேரத்தை மாற்றுவதற்கு மேலிருந்து சுற்றறிக்கை வரத் தேவையில்லை. மாநாட்டு வளாகத்தில் குழந்தைகளுக்கென ஓர் அறையும், அதைப் பார்த்துக்கொள்ள ஆண் தோழர்களின் முறைவரிசையும் ஏற்பாடு செய்வதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில், வராத பெண் தோழர்களின் பட்டியலை எடுத்து, காரணத்தை அவர்களிடமே நேரில் கேட்டறிவோம். அவர்கள் சொல்லும் விடையிலிருந்தே நம் பகுதியில் காப்பகத்துக்கான இயக்கம் தொடங்கட்டும்.