இணையத்தின் வேகத்தை அளப்பது யார்?

மளிகைக் கடைக்குப் போய் ஒரு கிலோ துவரம்பருப்பு கேட்டால், கடைக்காரர் தராசில் நிறுத்துத் தருகிறார். எடைக் கல்லில் சர்க்கார் முத்திரை இருக்கிறது. முத்திரை இல்லாத கல்லை வைத்து வியாபாரம் செய்தால் இன்ஸ்பெக்டர் வருவார், அபராதம் விதிப்பார். வீட்டு வாசலில் மின்சார மீட்டர் ஓடுகிறது. ஓடிய அளவுக்குத்தான் கட்டணம். விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்ட அளவு ஒன்று இருந்தால்தான் வியாபாரம் நாணயமாக நடக்கும்.

ஆனால், இன்று உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் மாதந்தோறும் பணம் கட்டி வாங்கும் ஒரு சரக்குக்கு இப்படிப்பட்ட மீட்டர் கிடையாது. அதுதான் இணைய இணைப்பு. "விநாடிக்கு 100 மெகாபிட்" என்று சொல்லி விற்கிறார்கள். 100 முழுவதும் வந்ததா, 60 வந்ததா, 20தான் வந்ததா என்பது வாங்கியவருக்குத் தெரிவதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் படம் நின்று நின்று ஓடும்போதுதான் சந்தேகம் பிறக்கிறது.

இந்தக் குறைக்கு ஒரு பரிகாரமாக, வீட்டிலுள்ள ரூட்டரையே குறித்த நேரங்களில் தானாக வேகத்தை அளந்து எழுதி வைக்கச் செய்யும் முறை பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருக்கிறது. முதலில் கணினி நுட்பம் அறிந்த சிலரின் பொழுதுபோக்காக இருந்த இந்தக் காரியம், இப்போது சர்க்கார்களும் சட்டங்களும் கவனிக்கும் விஷயமாகிவிட்டது.

"வரை" என்ற சொல்லின் மகிமை

முதலில் சரக்கு இன்னதென்று பார்ப்போம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது விநாடிக்கு 12.5 மெகாபைட்தான். 1,000 மெகாபைட் அளவுள்ள ஒரு படம் வந்து சேர 80 விநாடி ஆகும். இது கணக்குப் புத்தகத்துக் கணக்கு. வீட்டில் நடப்பது வேறு.

ஒரு தெருவில் பல வீடுகளுக்கும் போகும் பாதை, கொஞ்ச தூரம் சென்றதும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது. எல்லோரும் ஏககாலத்தில் முழு வேகத்தைக் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், இருப்பதைவிட அதிகமாகவே கம்பெனிகள் விற்கின்றன. இதில் தவறில்லை, இல்லாவிட்டால் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஆனால் இரவு எட்டு மணிக்கு எல்லா வீடுகளிலும் படம் ஓடத் தொடங்கியதும் நெருக்கடி வந்துவிடுகிறது. மேல் மாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தும், எல்லாக் குழாய்களையும் ஒரே சமயத்தில் திறந்தால் சொட்டுச் சொட்டாக வருவதில்லையா, அதைப் போன்றதுதான் இதுவும்.

இந்த நெருக்கடிக்குக் கம்பெனிகள் கண்டுபிடித்த கவசம்தான் "வரை" என்ற சொல். "100 மெகாபிட் வரை" என்று விளம்பரம் செய்துவிட்டால், 30 வந்தாலும் பொய் சொன்னதாக ஆகாது. பிரிட்டனில் நெடுங்காலம் ஒரு விசித்திரமான விதி இருந்தது. வாடிக்கைக்காரர்களில் பத்து சதவிகிதம் பேருக்கு அந்த வேகம் கிடைத்தாலே போதும், அதை எல்லோருக்கும் விளம்பரம் செய்யலாம்! 2018 மே மாதத்தில்தான் இது மாற்றப்பட்டது. இரவு 8 மணி முதல் 10 மணி வரையுள்ள நெருக்கடி நேரத்தில் பாதிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தையே விளம்பரம் செய்ய வேண்டும் என்று புதிய விதி கூறிற்று.

ஒரு முறை அளந்தால் போதாதா?

வேகத்தை அளக்கும் இணையத் தளங்கள் பல இருக்கின்றனவே, பொத்தானை அழுத்தினால் அரை நிமிஷத்தில் விடை வந்துவிடுமே என்று கேட்கலாம். வாஸ்தவம்தான். ஆனால் ஒரு தடவை அளந்த கணக்குக் கம்பெனிக்காரரிடம் செல்லாது. இரவு ஒன்பது மணிக்கு வேகம் விழுந்தது என்று புகார் சொன்னால், மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஆள் வருவார். அப்போது தெருவில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். வேகம் அருமையாக இருக்கும். "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

அதோடு, கைப்பேசியில் அளந்தால் இன்னொரு தொல்லை. ரூட்டருக்கும் கைப்பேசிக்கும் நடுவே இரண்டு சுவர்கள் நிற்கலாம். பக்கத்து வீட்டு வைஃபை குறுக்கிடலாம். குறைந்த வேகத்துக்குக் காரணம் கம்பெனியின் கம்பியா, வீட்டின் சுவரா என்று எப்படிச் சொல்வது?

ரூட்டரையே அளக்கச் சொன்னால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. கம்பெனியின் பாதை வந்து சேரும் இடத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. சுவரோ வைஃபையோ குறுக்கே நிற்பதில்லை. இரவும் பகலும் விழித்திருக்கிறது. பல ரூட்டர்களுக்குள் ஓடுவது லினக்ஸ். அதில் "க்ரான்" என்று ஒரு வேலையாள் உண்டு. இன்ன மணிக்கு இன்ன காரியம் என்று ஒரு வரி எழுதிவைத்தால், மறக்காமல், சலிக்காமல் செய்து முடிப்பான். வெளியிலுள்ள ஒரு கணினியிடமிருந்து பத்து விநாடி தகவலை இறக்குவான். பத்து விநாடி அனுப்புவான். பதில் வரப் பிடித்த நேரத்தையும் குறித்துக்கொண்டு, தேதியும் மணியும் போட்டுப் பதிவு செய்துவிடுவான். ஒரு மாதத்தில் 720 பதிவுகள். "இரவில் மெதுவாக இருக்கிறது" என்ற முணுமுணுப்புக்கும், "முப்பது நாளில் இருபத்திரண்டு நாள் ஒன்பது மணிக்குப் பாதிக்கும் கீழே போயிற்று" என்ற ருசுவுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

அளந்ததால் திருந்திய கம்பெனிகள்

தனி மனிதர் செய்யும் இந்தக் காரியத்தை நாடு முழுவதும் செய்தால் என்ன ஆகும் என்பதைப் பிரிட்டனும் அமெரிக்காவும் காட்டியிருக்கின்றன. பிரிட்டனின் தொலைத்தொடர்பு அதிகார ஸ்தாபனமான ஆஃப்காம், சாம்நோஸ் என்ற நிறுவனத்தின் சிறு பெட்டிகளைத் தொண்டர்களின் வீடுகளில் வைத்துத் தானாக அளக்கச் செய்தது. 2009 ஜூலையில் வெளியான அறிக்கையின்படி, விளம்பரத்தில் சொன்ன சராசரி வேகம் 7.1 மெகாபிட், வீடுகளுக்கு வந்து சேர்ந்தது 4.1 மெகாபிட்.

அமெரிக்க மத்திய தகவல்தொடர்பு கமிஷனும் அதே பெட்டிகளை ஆயிரக்கணக்கான வீடுகளில் வைத்து 2011 ஆகஸ்டில் முதல் அறிக்கையை வெளியிட்டது. நெருக்கடி நேரத்தில் கம்பெனிகள் சராசரியாக விளம்பர வேகத்தில் 87 சதவிகிதம் கொடுத்தன. கேபிள்விஷன் என்ற கம்பெனி மட்டும் 54 சதவிகிதமே கொடுத்தது. பெயரோடு இந்தக் கணக்கு வெளியானதும் நிலைமை மாறிற்று. 2012 அறிக்கையில் சராசரி 96 சதவிகிதம். அதே கேபிள்விஷன் சொன்னதைவிட அதிகமாக, 120 சதவிகிதம் அளவுக்குக் கொடுத்தது. புதுச் சட்டம் எதுவும் வரவில்லை, அபராதமும் இல்லை. அளந்து ஊருக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அளவுகோலுக்கே ஆபத்து

ஆனால் பரீட்சை எந்த அறையில் நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த அறையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளும் புத்தியும் மனிதனுக்கு உண்டு. 2017 பிப்ரவரியில் நியூயார்க் ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல், சார்ட்டர் கம்பெனி மீதும் அதன் வசம் வந்துவிட்ட டைம் வார்னர் கேபிள் மீதும் வழக்குத் தொடர்ந்தார். சொன்ன வேகத்தைத் தர இயலாத பழைய மோடங்களை மாத வாடகைக்குக் கொடுத்தார்கள் என்பது ஒரு குற்றச்சாட்டு. கமிஷனின் சோதனை முடிவுகள் நன்றாகத் தோன்றும்படி சூழ்ச்சி செய்தார்கள் என்பது இன்னொன்று. கம்பெனி குற்றச்சாட்டுகளை எதிர்த்து வாதாடியது. கடைசியில் 2018 டிசம்பரில் 17 கோடியே 42 லட்சம் டாலர் மதிப்புக்குச் சமரசம் ஏற்பட்டது. இதில் 6 கோடியே 25 லட்சம் டாலர், ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கைக்காரர்களுக்கு ரொக்கமாகத் திரும்பிற்று. மீதி இலவச சேவைகளாகக் கழிந்தது.

சர்க்கார் வைக்கும் சில ஆயிரம் பெட்டிகள் மட்டும் போதா என்பதே இந்த வழக்கு தரும் பாடம். எந்த வீட்டில் அளக்கிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரியாதபடி, எங்கும் பரவலாக அளக்கும் வீடுகள் இருக்க வேண்டும். தனி மனிதரின் ரூட்டர் பதிவுக்கு மதிப்பு ஏற்படுவது இங்கேதான்.

ஜெர்மனி காட்டும் வழி

அளந்த கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜெர்மனி 2021 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்த சட்டம் இதற்கு விடை சொல்கிறது. ஒப்பந்தத்தில் சொன்ன வேகம் வராவிட்டால் வாடிக்கைக்காரர் கட்டணத்தைக் குறைக்கலாம்; அல்லது ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம். நிரூபிக்கும் முறையையும் தெளிவாக வகுத்திருக்கிறார்கள். அதிகார ஸ்தாபனம் தரும் சாதனத்தைக் கொண்டு, வைஃபை இல்லாமல் கம்பி மூலமாக, மூன்று தனித்தனி நாட்களில் 30 முறை அளக்க வேண்டும். ஒரு முறை அளந்தது ருசுவாகாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே சமயம், வீட்டில் எழுதிய பதிவை மட்டும் நீட்டினாலும் செல்லாது. வீட்டுப் பதிவின் உபயோகம், எந்த நாளில் எந்த நேரத்தில் அளந்தால் உண்மை வெளிப்படும் என்று முன்கூட்டிக் காட்டுவதுதான்.

சில எச்சரிக்கைகள்

ரூட்டரை ஏவிவிடுமுன் சில கணக்குகளைப் பார்த்துக்கொள்வது நல்லது. 100 மெகாபிட் இணைப்பில் பத்து விநாடி இறக்கினால் 125 மெகாபைட் செலவு. மணிக்கு ஒரு முறை என்றால் நாளைக்கு 3 ஜிகாபைட், மாதத்துக்கு 90. அனுப்பும் சோதனையும் சேர்ந்தால் இன்னும் ஏறும். மாத அளவுக்கு வரம்பு உள்ளவர்கள், வேகத்தை அளந்து அளந்தே வேகத்தை இழந்துவிடுவார்கள்! அவர்களுக்கு நாளைக்கு நாலைந்து முறை போதும்; ஆனால் அதில் இரண்டாவது இரவு நேரமாக இருக்கட்டும்.

இரண்டாவது, பழைய ரூட்டரின் மூளை மந்தமானது. 1,000 மெகாபிட் இணைப்பை அதனால் அளக்க முடியாமல், தன் பலவீனத்தைக் கம்பெனியின் தலையில் கட்டிவிடலாம். கம்பியில் இணைத்த கணினியால் ஒரு தடவை சரிபார்ப்பது நியாயம். மூன்றாவது, சோதனைக்கு எதிர்முனையில் இருக்கும் கணினி கம்பெனியின் சொந்த வளாகத்திலேயே இருந்தால், வீட்டிலிருந்து அந்த வளாகம் வரையுள்ள பாதை மட்டும்தான் தெரியும். அதற்கு அப்பால் உள்ள நெரிசல் தெரியாது. வெளியே உள்ள கணினி ஒன்றையும் வைத்து அளந்து ஒப்பிட வேண்டும். நான்காவது, சரியாக மணி அடிக்கும் நிமிஷத்தில் எல்லோருடைய ரூட்டரும் கிளம்பினால் எதிர்முனையே திணறிப்போகும். 17-ஆம் நிமிஷம், 43-ஆம் நிமிஷம் என்று ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்வது உத்தமம்.

முத்திரைப் படி வரட்டும்

இந்தியாவில் 2023 ஜனவரியில், விநாடிக்கு 2 மெகாபிட்டாவது தந்தால்தான் அகல அலைவரிசை இணைப்பு என்று சர்க்கார் இலக்கணம் வகுத்தது. அதற்கு முன் அது அரை மெகாபிட்தான். ஏற்றம் வரவேற்கத் தக்கதே. ஆனால் 100 மெகாபிட்டுக்குப் பணம் கட்டியவருக்கு 2 என்ற அடித்தளம் என்ன ஆறுதல் தரும்? அவர் கேட்பது, தாம் பணம் கொடுத்த அளவு வந்ததா என்பதைத்தான்.

வீட்டுப் பாடமும், மருத்துவரின் ஆலோசனையும், வேலைக்கு மனுவும், ரேஷன் கார்டுத் திருத்தமும் இந்தப் பாதை வழியாகப் போகத் தொடங்கிவிட்ட காலம் இது. அளவு குறைந்தால் நஷ்டம் சினிமா பார்ப்பவருக்கு மட்டுமல்ல. எடைக் கல்லுக்கு முத்திரை போட்ட சமூகம், இணையத்துக்கும் ஒரு முத்திரைப் படியைக் கேட்பதில் வியப்பில்லை. அந்தப் படி வரும் வரையில், கூடத்து மூலையில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டியே வீட்டுக்காரரின் கணக்குப்பிள்ளை. அது எழுதும் கணக்கை மாதத்துக்கு ஒரு முறையாவது புரட்டிப் பார்ப்பது பணம் கட்டுகிறவரின் பொறுப்பு.