கேள்விகளுக்கும் ஒரு பதிவறை வேண்டும்

நம் மரக்காணம் ஒரு காலத்தில் தென்னாற்காடு மாவட்டம், திண்டிவனம் வட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. பிறகு மரக்காணமே தனி வட்டமானது. ஊரும் உப்பளமும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, முகவரிதான் மாறுகிறது.

கணினியில் இந்த மாற்றம் என்ன பாடுபடுத்தும் தெரியுமா? தகவல்களை அட்டவணைகளில் வைத்து, எஸ்க்யூஎல் என்ற மொழியில் கேள்வி எழுதி எடுக்கிறார்கள். 1970-களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவான மொழி. 'இந்த வட்டத்தில் இந்தப் பெயரில் உள்ளதைக் கொடு' என்கிற மாதிரிதான். இதைப் பட்டா திரையில் ஒருமுறை, ரசீதில் ஒருமுறை, மாத அறிக்கையில் சற்று மாற்றி ஒருமுறை என்று நிரல் முழுக்க இறைத்து வைக்கிறார்கள் பலர். வட்டம் பிரிந்தால் அத்தனையையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அது பழைய வட்டத்தில் தேடிவிட்டு, 'பதிவு இல்லை' என்று சொல்லிவிடும். மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய்க்காக வந்து நிற்கிற உப்பளத் தொழிலாளி அதைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்.

எங்கள் காலத்தில் நினைத்தவரெல்லாம் பதிவறைக்குள் நுழைந்து கட்டை அவிழ்க்க முடியாது. சீட்டு எழுதிக் கொடுத்தால் பதிவறை எழுத்தர் எடுத்துத் தருவார். அடுக்கு இடம் மாறினாலும் அவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். நிரலிலும் கேள்விகளையெல்லாம் ஓரிடத்தில் வைக்க 'தரவு அணுகல் அடுக்கு' என்று ஒன்று உண்டு. அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கட்சி. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அங்கே 'எத்தா சிவில்' ஏட்டில், பின்னால் நடந்த திருமணத்தைப் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே குறிப்பார்கள். திருத்தத்தைத் தேடி வேறெங்கும் அலைய வேண்டாம்.

இன்னொன்று, டி'குரூஸ் போன்ற பெயர்களில் வரும் ஒற்றைக் குறி. தட்டச்சு செய்த பெயரை அப்படியே கேள்வியோடு ஒட்டினால், அந்தக் குறியோடு பெயர் முடிந்ததாக நினைத்து இயந்திரம் தடுமாறும். விஷமிகள் தங்கள் கட்டளையைச் செருகுவதும் இதே ஓட்டை வழியாகத்தான். அச்சிட்ட படிவத்தில் கோடிட்ட இடம் விடுவதுபோல் பெயருக்குத் தனி இடம் விட்டால், அங்கே எதை எழுதினாலும் அது வெறும் பெயர்தான், உத்தரவாகாது.

கேள்வியையும் இயந்திரமே எழுதிக்கொள்ளட்டும் என்கிறார்கள் சில இளைஞர்கள். சின்ன வேலைக்குச் சரி. நிவாரணப் பட்டியலுக்கு வேண்டாம். யார் தகுதியானவர் என்ற விதியை ஒரு மனிதர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட முடிய வேண்டும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்தத் தொழிலில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: வட்டத்தின் குறியீட்டை எத்தனை இடத்தில் எழுதி வைத்திருக்கிறாய்?