ஆழமறியா நீர்

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 ஜூன் 23ஆம் நாள் பன்னிரு சிறுவரும் அவர்தம் பயிற்றுநரும் வெள்ளத்தால் அடைபட்டதை உலகமே கண்ணிமையாது பார்த்திருந்தது. ஜூலை 10ஆம் நாளுக்குள் பதின்மூவரும் மீட்கப்பட்டனர். அம்மகிழ்ச்சியிற் சமான் குணனைப் பலர் மறந்தனர். கடற்படையிற் பயின்ற அச்சுழியோடி, காற்றுக் கலன்களை உள்ளே சேர்ப்பித்துத் திரும்புகையில் ஜூலை 6ஆம் நாள் உயிர்நீத்தார்.

பயின்றவனுக்கே இக்கதியென்றால் பயிலாதவன் நிலை யாது? திறந்த நீரில் இடர் நேர்ந்தால் மேலெழலாம். குகையிலோ தலைக்குமேற் பாறை. காலாற் கிளறிய சேறு நொடிப்பொழுதில் விளக்கொளியை விழுங்கும். வந்த வழி மறையும். ஆகவேதான் குகைச் சுழியோடிகள் வாயிலிலிருந்தே வழிக்கயிறு கட்டிச் செல்வதையும், காற்றில் மூன்றிலொரு பங்கு செலவானதும் திரும்புவதையும் மீறா விதிகளாய்க் கொண்டுள்ளனர்.

யாழ்ப்பாணத்துப் புத்தூர் நிலாவரையில் இட்ட எலுமிச்சம்பழம் கீரிமலையில் மிதக்குமென்பர். பழத்தின் பயணத்தைப் பாட்டிமார் சொல்லட்டும். மேலே நன்னீரும் அடியில் உவர்நீருமாய்க் கிடக்கும் அச்சுண்ணக்கற் பிலத்தில், பழம் போன வழிதேடி எந்த இளைஞனும் இறங்க வேண்டாம்.

மலையகத்தில் இவ்வாபத்து வேறு வடிவில் உறைகின்றது. குருந்து ஓயா பாயும் வலப்பனைப் பகுதியில், உச்சியிற் பெய்த மழை, கீழே வெயில் காய்கையிலேயே வெள்ளமாய் வந்திறங்கும். அருவியடித் தடாகத்திற் குதித்தவனை நீர் பாறைக் குடைவிற் செருகிவிட்டால், நீந்தத் தெரிந்தவனுக்கும் அது மூடிய குகையே. அவனை மீட்கப் பாயும் தோழனும் உடன் மாள நேரும். கரையில் நின்றவாறே கயிறோ சேலையோ எறிவது கோழைத்தனமன்று. நீச்சற் குளத்தைப் படத்தில் மட்டுமே கண்ட நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதையேனும் யார் கற்பிக்கின்றார்?

ஆபத்தான தடாகந்தோறும் எச்சரிக்கைப் பலகை வேண்டும்; அது தமிழிலும் இருத்தல் வேண்டும். தமிழும் அரசகரும மொழியென 1987இல் அரசியலமைப்பைத் திருத்தியவர்கள், சாவை எச்சரிக்கும் பலகைக்கு மட்டும் விலக்களிப்பரோ? பலகை நாட்டும் பணியை வலப்பனைப் பிரதேச சபையும் தோட்ட நிருவாகங்களும் மாரிக்கு முன்பே முடித்தல் வேண்டும். உயிர் போனபின் கரையோரத்திலிருந்து சுழியோடிகளை வரவழைப்பதைவிட, நுவரெலியா மாவட்டத்திலேயே பயின்ற மீட்புக் குழுவொன்றை, தோட்டத்து இளைஞரையும் சேர்த்து நிறுவுமாறு அரசை வற்புறுத்துகின்றோம்.