ஊசி முனையில் ஒரு கணக்கு



"கிறிஸ்துமஸ் டூர் பத்தி மலருக்கு ஒரு கட்டுரை குடுடா" என்று யூனியன் நண்பர்கள் கேட்டார்கள். பரங்கிமலைப் படி ஏறினோம், 1523-இல் போர்த்துகீசியர் கட்டிய கோயிலைப் பார்த்தோம், சாந்தோம் போனோம், பெசன்ட் நகர் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினோம், கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றோம், திருமழிசை திரும்பும்வரை பஸ்ஸில் தொண்டை கட்டப் பாடினோம். எல்லாம் நடந்ததுதான். ஆனால் அந்த டூரில் நான் ஒரு பொய் சொன்னேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பஸ்ஸில் சீப்பு எடுக்கப் பையைத் திறந்தேன். ஒரு குரோஷா ஊசியும், பாதி பின்னிய வெள்ளை நட்சத்திரமும் கீழே விழுந்தன. "டேய், என்னடா பொம்பளைங்க சமாச்சாரம்?" என்று ஒருத்தன் எடுத்துத் தூக்கிக் காட்டினான். பஸ்ஸே சிரித்தது. "எங்கம்மாவோடது, தெரியாம வந்துடுச்சு" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த நட்சத்திரம் நான் பின்னியது.

என் அப்பா எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறார். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா பத்து வருஷமாகக் குரோஷா பின்னுகிறார். பூந்தமல்லியிலிருந்து ஓர் அக்கா நூலும் டிசைனும் கொண்டுவந்து கொடுப்பார். பின்னி முடித்ததை எண்ணி வாங்கிக்கொண்டு போவார். அக்டோபரில் தொடங்கினால் டிசம்பர் 24 வரை சீசன். டேபிள் மேட், குழந்தைக் குல்லா, முக்காட்டு ஓரம், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட கஞ்சி போட்டு விறைத்த மணி, நட்சத்திரம். ஊரெல்லாம் மார்கழிக் கோலம் போடும்போது அம்மா ராத்திரி பின்னிய நூலைச் சுற்றி வைத்துக்கொண்டிருப்பார். சீசன் தலைக்கு மேல் போகும்போது நானும் ஊசி பிடிப்பேன், கதவைச் சாத்திக்கொண்டு.

அட்மிஷன் பாரத்தில் 'தாயார் தொழில்' என்ற இடத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'இல்லை'!

இந்த வருஷம் நமக்கு டைம் ஸ்டடி பாடம் வந்தது. டெய்லர் ஸ்டாப்வாட்ச் பிடித்து வேலையை அளந்தார், கில்பிரெத் செங்கல் அடுக்கும் அசைவுகளை 18-லிருந்து 5-ஆகக் குறைத்தார் என்று மனப்பாடம் செய்தோம். எனக்கு ஒரு யோசனை. லேத் மெஷினுக்குப் பிடிக்கிற கணக்கை அம்மாவுக்குப் பிடித்தால் என்ன?

செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்தேன். 12 அங்குல வட்ட மேட். மூன்று மேட்டுக்கு நேரம் எடுத்துச் சராசரி போட்டேன். குழம்பைக் கிளற எழுந்த நேரத்தை எல்லாம் கழித்துவிட்டேன். வந்த விடை 5 மணி 20 நிமிடம். கூலி 60 ரூபாய். மணிக்கு 11 ரூபாய் 25 காசு! நம் பாடப்படி களைப்புக்கு, கை கழுவ, தண்ணீர் குடிக்க என்று 'அலவன்ஸ்' சேர்க்க வேண்டும். சேர்த்தால் இன்னும் குறையும். சேர்க்கவில்லை, மனசு வரவில்லை.

டூருக்கு நான் கட்டிய பணம் 300 ரூபாய். ஐந்து மேட். அதாவது என் ஒரு நாள் சந்தோஷத்துக்கு அம்மா கொடுத்த விலை 26 மணி 40 நிமிடம். அந்தப் பணத்தில் பஜ்ஜி தின்றுகொண்டே "எங்கம்மாவோடது" என்று சிரித்தவன்தான் இதை எழுதுகிறேன்.

அதே டூரில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அதே டிசைன் மேட் பார்த்தேன். விலைச்சீட்டில் 450. நூல் அவர்களுடையது, கடை வாடகை உண்டு, விற்காத சரக்கு உண்டு, நடுவில் கைமாறுகிறவர்கள் உண்டு. எல்லாம் சரி. அதற்காக 450-இல் 60-தான் கைக்கா?

"மெஷின் லேஸ் மீட்டர் பத்து ரூபாய்க்குக் கிடைக்குது, இதை எவன் வாங்குவான்?" என்று கேட்பீர்கள். மெக்கானிக்கல் மாணவனாகவே பதில் சொல்கிறேன். குரோஷாவில் ஒரே ஊசி, ஒரே நூல். ஒவ்வொரு கண்ணியையும் முடித்த பிறகுதான் அடுத்தது. ஊசி எந்தப் பக்கமும் திரும்பும், எந்தத் துளையிலும் நுழையும். அதை அப்படியே செய்கிற மெஷின் தொழிற்சாலைகளில் புழக்கத்துக்கு வரவில்லை. கடையில் தொங்குகிற மெஷின் லேஸ் வேறு முறையில் பின்னி, அதுபோலத் தோற்றம் கொடுப்பது. ஆக, மெஷினால் முடியாத வேலைக்குத்தான் நாம் மெஷினைவிடக் குறைவாக மதிப்புப் போடுகிறோம்!

இந்தப் பின்னல் நம் மண்ணுக்கு வந்த கதையையும் தேடிப் படித்தேன். 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண் பிள்ளைகளுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். தலையணை மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் பின்னுகிற லேஸ். அதை விற்ற பணம் பள்ளி நடத்த உதவியது. அடிமைகளாக இருந்த சில பெண்கள் லேஸ் கூலியைக் கட்டியே விடுதலை பெற்றார்கள் என்கிறது வரலாறு. மார்த்தாவின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்தார். இடையன்குடியில் பெண்களுக்குப் பள்ளியும் லேஸ் வேலையும் நடத்தினார். 1856-இல் வந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைத் தமிழ்ப் பாடத்தில் படித்தோம். எலைசாவை யார் நமக்குச் சொன்னார்கள்?

ஊசி ஒரு காலத்தில் விலங்கை அறுத்தது. பிறகு என்ன ஆயிற்று? ஆந்திராவில் நரசாபூர் பகுதியில் குரோஷா பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மன் அறிஞர் 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் பின்னியது கடல் கடந்து விற்றது. ஆனால் அவர்களைத் தொழிலாளி என்று யாரும் சொல்லவில்லை. 'வீட்டில் சும்மா இருக்கிறவர்கள் ஓய்வு நேரத்தில் செய்வது' என்றார்கள். அந்த ஒரு வார்த்தையே கூலியைக் குறைக்கப் போதுமானதாக இருந்தது. படித்ததும் என் அட்மிஷன் பாரம் ஞாபகம் வந்தது. வியாபாரி சொன்னதைத்தானே மகனும் எழுதினேன்?

கணக்கை அம்மாவிடம் காட்டினேன். "கிடைக்கிறதே பெருசுடா. இதைப் பேசி அந்த அக்கா நூல் குடுக்கறதை நிறுத்திட்டா?" என்றார். அந்தப் பயம் நியாயமானது. தனி ஆளாகப் பேசினால் நூல் நிற்கும். ஆனால் நமக்கு ஒரு யூனியன் இருக்கிறது அல்லவா? எனவே என் கோரிக்கைகள்:

1. அடுத்த ஆண்டு விழாவில் நம் அம்மாக்கள், அக்காக்கள் கைவேலைக்கு ஒரு ஸ்டால். குரோஷா, ஆரி, ஒயர் கூடை எதுவானாலும் சரி. ஒவ்வொன்றிலும் விலையோடு 'இதற்கு ஆன நேரம்' என்றும் ஒரு சீட்டு.

2. டைம் ஸ்டடி பிராக்டிகலுக்கு அவரவர் வீட்டு வேலையில் ஒன்றை அளந்து வருவோம். நாம் கேட்டால் சார் மறுக்கமாட்டார்.

3. அடுத்த கிறிஸ்துமஸ் டூர் 24-ஆம் தேதிக்கு முன்னால் வேண்டாம், பின்னால் வைப்போம். பஸ்ஸில் நாலு சீட் அம்மாக்களுக்கு விடுவோம். பத்து வருஷமாகக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பின்னுகிற என் அம்மா, அது தொங்குகிற மரத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் பங்குக்கு இரண்டு உறுதி. அடுத்த பாரத்தில் 'தாயார் தொழில்: குரோஷா பின்னல்' என்று எழுதுவேன். அடுத்த டூரில் பையிலிருந்து ஊசி விழுந்தால், "என்னோடதுதான், குடுடா" என்று கை நீட்டுவேன்.

சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் பக்கத்தில் வந்து உட்காருங்கள் நண்பர்களே, ஐந்து நிமிடத்தில் சங்கிலி போடக் கற்றுத் தருகிறேன்!