துண்டுக்கு அடியில் இருக்கும் விலை

சென்னையில் வீடு பார்க்கப் போகிறவரிடம் தரகர் கேட்கும் முதல் கேள்வி, “உங்க பட்ஜெட் என்ன சார்?” துணிக்கடையில் ஒரு சட்டையின் விலையைக் கேட்கிறோம். “உங்க பையில எவ்ளோ இருக்கு?” என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டால் அப்படியே வெளியே வந்துவிடுவோம். வாழ்க்கையிலேயே பெரிய செலவைச் செய்யும்போது மட்டும் இந்தக் கேள்விக்குப் பவ்யமாகப் பதில் சொல்கிறோம். “எழுபது வரைக்கும் போலாம்.” அந்த நொடியிலிருந்து எழுபதுக்குக் கீழே அந்த ஏரியாவில் வீடே கிடையாது.

ஒன்றரை வருடமாக வேளச்சேரி, மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பழைய ஃபிளாட்டுகளைப் பார்த்துவருகிறேன். ஆள் மாறினாலும் வசனம் மாறுவதில்லை. “ஓனர் எண்பத்தஞ்சு சொல்றாரு, உக்காந்து பேசினா கொறையும்.” எவ்வளவு குறையும்? “அதை நேர்ல பேசிக்கலாம்.” ஓனரிடம் நானே பேசலாமா? “அவர் அமெரிக்காவுல இருக்காரு சார், எதுவா இருந்தாலும் எங்கிட்டதான் பேசுவாரு.” யோசித்துச் சொல்கிறேன் என்றால், “ஒரு பார்ட்டி நாளைக்கு டோக்கன் போட வர்றாங்க, அப்புறம் என்னைச் சொல்லாதீங்க.” அந்த ‘ஒரு பார்ட்டி’யை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு வீட்டுக்கு அவர் நான்கு மாதமாக ‘நாளைக்கு’ வந்துகொண்டிருக்கிறார்.

மாட்டுச் சந்தையில் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் துண்டுக்குள் கைவிட்ட இருவருக்கும் தொகை தெரியும். வீட்டுச் சந்தையில் அந்தத் துண்டால் வாங்குபவரின் கண்ணையே கட்டிவிடுகிறார்கள். விற்பவர் எவ்வளவுக்கு இறங்குவார் என்று எனக்குத் தெரியாது. நான் எவ்வளவுக்கு ஏறுவேன் என்று அவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நடுவில் நிற்பவர். “எனக்கு எழுபத்தஞ்சு வந்தா போதும், மேல வர்றது உன்னோடது” என்று ஓனர் சொல்லியிருந்தால், அந்தப் பத்து லட்சத்துக்கு நான் யாரிடம் கணக்குக் கேட்பது?

சரி, மேலே எதுவும் வைக்கவில்லை, அவர் நேர்மையான ஆள் என்றே வைத்துக்கொள்வோம். 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 சதவீதம் கமிஷன் என்றால் 1,60,000 ரூபாய். எனக்காகப் பேசி 5 லட்சம் குறைத்துக் கொடுத்தால் எனக்கு 5 லட்சம் மிச்சம், அவருக்கு 10,000 ரூபாய் நஷ்டம். என் பணத்தைக் காப்பாற்றுவதற்காக நான் சம்பளம் கொடுக்கும் ஆள், அதைக் காப்பாற்றினால் தன் சம்பளத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஓர் ஏற்பாட்டில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பேசுவது வீண். வெயிலில் நாலு மாடி ஏறி, சாவி வாங்கி, பத்துப் பேருக்கு வீடு காட்டி, பத்துப் பேரும் வேண்டாம் என்றால் ஒரு பைசா கிடைக்காத பிழைப்பு அது. நான் கோபப்படுவது அந்த மனிதரிடம் இல்லை.

என் கோபம் இந்த இருட்டின் மேல். இது எங்கிருந்து வருகிறது?

ஒரு தெருவில் வீடுகள் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று தெரிந்தால் பாதிப் பேரத்துக்கு வேலையே இல்லை. தமிழ்நாட்டில் அதற்கான ஆவணமும் இருக்கிறது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை எடுத்தால் ‘கைமாற்றுத் தொகை’ என்று ஒரு கட்டமே உண்டு. பல பத்திரங்களில் அந்தக் கட்டத்தில் இருப்பது பொய். கொடுத்த விலையை எழுதாமல், அரசு வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகையை எழுதிவிட்டு மீதியைப் பையில் கொடுக்கிறார்கள். “ஒயிட் எவ்ளோ, பிளாக் எவ்ளோ?” என்று தரகர் கேட்கும்போது, காபியா டீயா என்று கேட்பதுபோலத்தான் கேட்கிறார். ஊரே சேர்ந்து ஆவணத்தைப் பொய்யாக்கிவிட்டால், உண்மை விலை தரகரின் வாயில் மட்டும்தான் மிஞ்சும். அவருக்கு இந்த அதிகாரத்தை எழுதிக் கொடுத்தவர்கள் வாங்குபவர்களும் விற்பவர்களும்தான்.

“எல்லாரும் பண்றதுதானே, உங்களுக்கும் லாபம்தானே” என்பார்கள். லாபத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 லட்சத்துக்கு வாங்கும் வீட்டை 55 லட்சம் என்று பதிகிறோம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். மறைத்த 25 லட்சத்துக்கு மிச்சமாவது 2,25,000 ரூபாய். அந்த 25 லட்சத்துக்கு வங்கி கடன் தராது. சம்பளக்காரர் அம்மாவின் நகையில் கை வைக்க வேண்டும். பிறகு வீட்டை விற்கும்போது வாங்கிய விலை 55 லட்சம்தான் என்று கணக்கில் நிற்கும். வரிவிலக்கு எதுவும் எடுக்காவிட்டால் அந்த 25 லட்சமும் லாபமாகக் கருதப்பட்டு, 12.5 சதவீதம் என்ற கணக்கில் 3,12,500 ரூபாய் வரி. மிச்சம் பிடித்ததைவிட இழந்தது அதிகம். தப்பிக்க ஒரே வழி, நாமும் அடுத்தவரிடம் கருப்பில் வாங்குவது. சங்கிலி இப்படித்தான் நீள்கிறது. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகை அபராதம் என்று 2015 முதல் வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. எத்தனை தரகர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள்?

அரசும் இதில் சுத்தமில்லை. 2017இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்துவிட்டு, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கியது. 2023இல் மதிப்பைப் பழைய நிலைக்கே ஏற்றிவிட்டு, கட்டணத்தை 2 ஆக்கியது. அதுவும் ஒரு பேரம்தான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தது. தரகர் பதிவுசெய்துகொள்ள வேண்டும், பொய்த் தகவல் சொல்லக் கூடாது என்கிறது. ஆனால் அது அந்தச் சட்டத்தின் கீழ் பதிவான திட்டங்களுக்குத்தான். இருபது வருடப் பழைய ஃபிளாட்டைக் காட்டுபவருக்கு அந்தக் கடிவாளம் கிடையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் விற்ற வீடுகளின் விலையை நிலப் பதிவு அலுவலகம் இலவசமாக வெளியிடுகிறது. அங்கேயும் தரகர்கள் இருக்கிறார்கள், பிழைக்கிறார்கள்.

வாய்விலையின் தீமை பணத்தோடு நிற்பதில்லை. சில தெருக்களில் பட்ஜெட்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி வருகிறது: “சார், வெஜ்ஜா?” என்ன கேட்கிறார் என்று அவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். பெயரைக் கேட்டதுமே சிலருக்கு வீடு “நேத்துதான் முடிஞ்சுது” ஆகிவிடும். அல்லது விலை ஐந்து லட்சம் ஏறிவிடும். தனியாக வீடு வாங்க வரும் பெண்ணிடம், “வீட்ல பெரியவங்க யாரும் வரலையா?” என்று கேட்டுவிட்டு விலையையே சொல்லாமல் அனுப்புவார்கள். விலை காகிதத்தில் இருந்தால் இதையெல்லாம் செய்வது கஷ்டம். ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்ள வசதியாகத்தான் விலை வாயிலேயே இருக்கிறது.

ஆகவே, வீடு தேடும் நண்பர்களுக்குச் சொல்கிறேன். பட்ஜெட்டைச் சொல்லாதீர்கள், விலையைக் கேளுங்கள். கேட்கும் விலை, கார்ப்பெட் ஏரியா, நிலத்தில் நம் பெயருக்கு வரும் யுடிஎஸ், இரண்டு பக்கக் கமிஷன், நான்கையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு வாட்ஸப் செய்தி போதும். ஓனரோடு பேசாமல் டோக்கன் போடாதீர்கள். கொடுக்கும் விலையை முழுதாகப் பதியுங்கள். அந்த வீடு கைவிட்டுப் போகலாம், போகட்டும். முழு விலையை எழுதும் ஒவ்வொரு பத்திரமும் அதே தெருவில் அடுத்து வீடு தேடி வரப்போகிற, முகம் தெரியாத ஒருவருக்கு நாம் சொல்லும் உண்மை. துண்டை உருவ அரசு வரும் என்று காத்திருக்க வேண்டாம். “எழுதிக் குடுங்க” என்று பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளிடம் தரகரே எழுதிக் கொண்டுவருவார்.