கொழுந்துக் கூடையும் வல்லரசுப் பகையும்

அண்மையில் நம் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அமெரிக்காவும் ஈரானும் பகைத்துக்கொண்டால் ஹற்றன் தோட்டத்து லயத்தில் இருக்கும் எங்களுக்கு என்ன?" என்று வினவினான். அவனுடைய தாயார் கொழுந்து பறிப்பவர். நியாயமான வினாவே. விடையைத் தேயிலையிலிருந்தே தொடங்குவோம்.

அவ்விரு நாடுகளின் தூதுறவு 1980 ஏப்ரலில் முறிந்தது. 2015இல் ஏற்பட்ட அணு உடன்பாடு சற்றே நம்பிக்கை தந்தது. 2018இல் அமெரிக்கா அதனின்று விலகவே, பகை மீண்டும் முற்றிற்று. தூதர் பேசாத இடத்தில் தடைச்சட்டங்கள் பேசின. ஈரானோடு கொடுக்கல் வாங்கல் செய்ய உலக வங்கிகள் அஞ்சின.

இலங்கையோ 2012 அளவில் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்காக ஏறத்தாழ 25 கோடி டொலர் கடன்பட்டிருந்தது. அதைச் செலுத்த வழி அடைபட்டது. ஈற்றில், 2021 டிசம்பரில் ஓர் இணக்கம் உண்டாயிற்று. மாதந்தோறும் 50 இலட்சம் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைத் தீர்ப்பது. நம் ஏற்றுமதியாளருக்கு உள்நாட்டிலேயே ரூபாயில் பணம் கொடுப்பது. தேயிலை உணவுப் பொருளாதலின் தடைக்கு உட்படாது என அரசு விளக்கிற்று. பொருளாதார நெருக்கடி குறுக்கிட்டமையால், 2023இலேயே இது நடைமுறைக்கு வந்தது.

ஈரானியர் பெரிதும் விரும்புவது தாழ்நிலத் தேயிலையை. நுவரெலியாத் தேயிலைக்கு வேறு சந்தைகள் உண்டு. ஆயினும் மலைநாடு ஒதுங்கி நிற்க இயலாது. 2022இல் உக்ரேன் போர் மூண்டபோது, நம் தேயிலையை நெடுங்காலமாக வாங்கிவரும் ரஷ்யாவின் வங்கிகள் பல தடைக்குள்ளாயின. பணம் வந்து சேருமோ என நம் வணிகர் கலங்கினர். வணிகரின் கலக்கம் கொழும்பு ஏலத்துக்கும், அங்கிருந்து தோட்டத்துக்கும் வந்துசேர நெடுநாள் ஆவதில்லை.

நிற்க. இணக்கம் உண்டான அதே 2021இல்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என வர்த்தமானி வாயிலாக விதிக்கப்பட்டது. நாட்டின் எண்ணெய்க் கடனைத் தீர்க்கும் பொருளைப் பறித்த கைகள், தம் கடைக்கடனைத் தீர்க்க அந்த ஆயிரத்தையே நம்பியிருந்தன. கடன் தீர்ந்த கணக்கில் அமைச்சுகளின் பெயர் இருக்கும். கொழுந்து பறித்தவர் பெயர் இராது.

ஆகவே மாணவர்களே, வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை வெறுமனே புரட்டிவிடாதீர்கள். உங்கள் தாயாரின் கொழுந்துக் கூடைக் கணக்கும் அங்கே எழுதப்படுகிறது. அதைப் படித்தறிந்து, அவருக்குரிய பங்கைக் கேட்கும் வல்லமை பெறுவது உங்கள் கடமை.