ஓடும் வீடும் ஓயாத அடுப்பும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. தடாவில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையோரத் தேநீர்க் கடையில் நாங்கள் நால்வர் நின்றுகொண்டிருந்தோம். வேன் ஒன்று வந்து நின்றது. வெளியே பார்த்தால் வண்டி. உள்ளே பார்த்தால் வீடு! கட்டில், அலமாரி, அடுப்பு, சன்னலுக்குத் திரை, எல்லாம் இருந்தன. அறுபதைக் கடந்த தம்பதியர் இறங்கினர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊர் ஊராகச் சுற்றி வருவதாகப் பெரியவர் பெருமிதத்தோடு சொன்னார். “வாழ்ந்தால் இப்படியல்லவா வாழவேண்டும்!” என்றான் என் நண்பன். நானும் தலையசைத்தேன். அப்போதுதான் கண்டேன்: கடைக்குப் பின்னே குழாயடியில் குந்தி, அந்த அம்மையார் மதியச் சமையல் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தார். ஐயா கையிலோ இரண்டாவது தேநீர்!

இக்காட்சி என் நெஞ்சைத் தைத்ததற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் ஒரத்தநாட்டுப் பக்கத்தில் புவியியல் ஆசிரியர். அடுத்த ஆண்டு அவருக்கு அறுபது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு. ஆயிரம் முறை படத்தில் கோதாவரியைத் தொட்டுக் காட்டியவர். ஒரு முறையேனும் அதன் நீரைத் தொட்டவரல்லர். பணிக்கொடை வந்ததும் பழைய வேன் ஒன்றை வாங்கி, வீடாக மாற்றி, அம்மாவோடு புறப்பட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. சித்தப்பா சிரித்தார். “பேரப்பிள்ளையை யார் பார்ப்பது?” என்றாள் அக்காள். நான் அப்பா பக்கம் நின்றேன்.

இன்றும் அப்பா பக்கமே நிற்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனையோடு.

“வயதான காலத்தில் ஊர் சுற்றலா?” என்று கேட்போருக்கு முதலில் விடை சொல்வோம். இது மேனாட்டுப் பைத்தியம் அன்று. சென்னை உச்ச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த ஏனுகுல வீராசாமி, 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். நம் பக்கத்துத் திருப்பதி வழியாகவே சென்றார். கூடாரமும் பல்லக்கும் பரிவாரமுமாகப் பதினைந்து மாதம் வழியிலேயே குடித்தனம் நடத்தி, 1831 செப்டம்பரில் திரும்பினார். வழியில் கண்டதை எழுதி நண்பர் சீனிவாச பிள்ளைக்கு அனுப்பிவந்தார். அது 1838-இல் தெலுங்கு நூலாக வெளிவந்தது. வீட்டைத் தூக்கிக்கொண்டு வழிநடப்பது நமக்குப் புதிதா என்ன?

அமெரிக்காவைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். சக்கர வீட்டிலேயே காலங்கழிப்போர்க்காக அங்கு 1978-இல் ‘எஸ்கேப்பீஸ்’ என்றொரு சங்கமே தோன்றியது. நிலையான முகவரி இல்லாத உறுப்பினர்க்கு டெக்சாசின் லிவிங்ஸ்டன் நகரில் முகவரி தந்து, கடிதங்களை வழியனுப்பி வைக்கிறது. ஆனால் காசுக்கு மறுபக்கமும் உண்டு. 2008-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியோர் பலர் வண்டியே கதியென்று கிளம்பினர். பருவத்துக்குப் பருவம் கிடங்கிலும் சர்க்கரை பீட்ரூட் வயலிலும் கூலி வேலை செய்து பிழைக்கும் அவர்கள் கதையை, ‘நோமேட்லேண்டு’ என்ற நூலில் 2017-இல் எழுதினார் ஜெசிகா புரூடர். வீடு இருந்தும் புறப்படுவது உலா; வீடு இல்லாமற் புறப்படுவது அலைச்சல். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது நம் பழமொழி. ஆகவே அப்பா வேன் வாங்கட்டும். ஒரத்தநாட்டு ஓட்டு வீட்டை மட்டும் விற்க வேண்டா. ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் தரும் உயிர்வாழ்ச் சான்றை 2014 முதல் கைரேகை வைத்து மின்வழியே அனுப்பலாம். அதற்கென ஊர் திரும்பவேண்டியதும் இல்லை.

இனி என் நிபந்தனைக்கு வருகிறேன். அப்பாவின் திட்டத்தைப் பற்றி அம்மாவிடம் நான் தனியே கேட்டது அந்தத் தடா மாலைக்குப் பிறகுதான். “போறதெல்லாம் சரிதாம்ப்பா. அங்கேயும் நான்தானே உலை வைக்கணும்?” என்றார்.

நண்பர்களே, அப்பாவுக்கு அறுபதில் ஓய்வு. அம்மாவுக்கு எத்தனையில்?

வண்டியில் சமையல் எளிதன்று. அறிவியல் மாணவன் கணக்கைச் சொல்கிறேன். நூறு லிட்டர் தண்ணீர் ஏற்றினால் நூறு கிலோ பாரம். ஆகவே பாத்திரம் துலக்கவும் நீரை அளந்தே செலவிட வேண்டும். 1,500 வாட் மின்னடுப்பு ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் முழுதாய்த் தருவதே 1.2 யூனிட்தான். எரிவாயு வைத்தாலோ, சித்திரை வெயிலில் அந்தத் தகரப் பெட்டிக்குள் நின்று தாளிப்பவர் யார்? வீட்டிலே பத்தடிக்குப் பத்தடியாக இருந்த சிறை, வண்டியிலே இரண்டடியாகச் சுருங்கும். ஓடுவது வீடு, ஓயாதது அடுப்பு!

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தனர்: சத்திரம். எங்கள் ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டுவித்த முத்தம்பாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சை மன்னரின் சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறும், நோயுற்றோர்க்கு மருந்தும், கருவுற்ற பெண்டிர்க்குப் பேணுதலும் கிடைத்தன. இங்கிருந்து நெல்லூர் போகும் வழியிலுள்ள தொரவாரி சத்திரம் இன்றும் பெயரில் அந்த அறத்தைத் தாங்கி நிற்கிறது. அன்று வழிநடந்த பெண்ணுக்குச் சத்திரத்து வாசலிலேனும் ஒரு வேளை அடுப்பு விடுமுறை கிடைத்தது. இன்று அடுப்பையும் வண்டியில் ஏற்றிக்கொள்கிறோம். அதை நாகரிகம் என்கிறோம்!

கேரள அரசு 2021-இல் சக்கர வீட்டுச் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்தது. வண்டிகளை நிறுத்தத் தனி வளாகங்கள் அமைப்பதும் அதில் அடங்கும். நல்லதே. நம் நெடுஞ்சாலைகளிலும் அத்தகைய இடங்கள் எழட்டும். தண்ணீர்க் குழாயும் கழிவு இறக்கும் தொட்டியும் மட்டும் போதா, மலிவு விலையில் சோறு போடும் பொதுச் சமையற்கூடமும் அங்கே வேண்டும். ஆனால் அரசு செய்யுமட்டும் காத்திருக்க வேண்டியதில்லாத சீர்திருத்தம் ஒன்று உண்டு. அது ஆண்மகன் கரண்டி பிடிப்பது!

இதை அப்பாவுக்கு எழுதத் துணிவு வர எனக்கு மூன்று நாள் ஆயிற்று. பெற்ற தந்தைக்கு மகன் புத்தி சொல்வதா என்று கை நடுங்கிற்று. ஒரு வாரம் பதிலே இல்லை. பிறகு தொலைபேசியில் சொன்னார்: “நான் அவளைக் கேட்கவே இல்லைடா.” முதலில் ஒரு மாதம் வாடகை வண்டியில் போய்ப் பார்ப்பதாக இப்போது இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். காலைச் சமையல் அப்பாவுடையது. மாலையில் கடைச் சாப்பாடு. அதற்காக இப்போதே சோறு வடிக்கப் பழகுகிறாராம். தினமும் குழைந்துவிடுகிறதாம். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

சூளூர்ப்பேட்டைக்கு வடக்கே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் வந்து கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன; இரண்டுமே குஞ்சுக்கு இரை கொணர்கின்றன. பறவைக்குத் தெரிந்தது பட்டதாரிக்குத் தெரியாமற் போகலாமா?

தோழர்களே, நமக்கு ஓய்வு வர இன்னும் முப்பத்தேழு ஆண்டுகள் இருக்கின்றன. ஓடும் வீட்டைப் பற்றி அப்போது எண்ணலாம். விடுதியில் தட்டை நீட்டியே பழகிய நாம், இந்த விடுமுறைக்கு ஊர் போனதும் ஒரு நாளாவது உலை வைப்போம். நம் அன்னையர்க்கு ஓய்வு அன்று தொடங்கட்டும்.